கவிழ்த்த கோப்பையும் நூறு செனட்டர்களும்

யாங்கோனில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. ஸ்டீயரிங்கும் வலது பக்கமே இருக்கிறது. ஜப்பானில் ஓடிக் களைத்த பழைய கார்கள்தான் இங்கே டாக்ஸி. ஆகவே முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால், எதிரே என்ன வருகிறதென்று ஓட்டுநருக்குத் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் ஏறிய டாக்ஸியில், விவரம் தெரியாமல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவள் நான்.

"அண்ணி, எதுக்க பஸ்ஸு வருதான்னு கேக்குறாரு," என்றாள் பின் சீட்டிலிருந்து செல்வி.

"என்னையா?"

"ஒங்களத்தான். பாத்துச் சொல்லுங்க. சீக்கிரம்!"

நியூ ஜெர்சி நெடுஞ்சாலைகளில் இருபது வருஷம் கார் ஓட்டியவள் நான். பார்த்தேன், பஸ் வந்துகொண்டிருந்தது. கத்தினேன். ஓட்டுநர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முந்தினார். உயிர் போய்த் திரும்பி வந்தது. காலடியில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் வழியே தார்ச்சாலை ஓடுவது தெரிந்தது. கைப்பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பையில் ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் இருந்தது. யாங்கோனுக்கு ரங்கூன் என்று பெயர் இருந்த காலத்தில் இங்கே பிறந்தவர் என் மாமியார். அறுபதுகளில் குடும்பத்தோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பிறந்த ஊர் அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டார். கண் சரியானது, ஆனால் வேண்டுதலை நிறைவேற்றும் முன்பே போய்விட்டார். கணவர் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்ததால் நான் கிளம்பினேன். செல்வி அவருக்குப் பெரியப்பா மகள். அன்றைக்குக் கப்பலேறாமல் நின்றுவிட்ட கிளையைச் சேர்ந்தவள்.

கிளம்பும்போது நான் கடுப்பில் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில், அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இலவசமாக வகுப்பெடுக்கிறேன். செனட்டர்கள் எத்தனை பேர்? நூறு. பிரதிநிதிகள் சபையில்? நானூற்று முப்பத்தைந்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது 2010, பொங்கலுக்கு முந்தைய வாரம். மருத்துவக் காப்பீட்டு மசோதாவை இரண்டு சபைகளும் ஆளுக்கொரு வடிவத்தில் நிறைவேற்றிவிட்டு, இரண்டையும் எப்படி ஒட்டவைப்பது என்று முழித்துக்கொண்டிருந்தன. வகுப்பில் ஒரு எக்வடார்க்காரர், "நூறில் ஐம்பத்தொன்று பாதிக்கு மேல்தானே, எதற்கெடுத்தாலும் அறுபது வேண்டும் என்கிறார்களே, ஏன்?" என்று கேட்டார். தேர்வில் அந்தக் கேள்வி வராது என்று சமாளித்தேன். எங்கள் செனட்டர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினால், "உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்" என்பார்கள். எங்கே குறிக்கிறார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

செல்வியின் வீடு நகரத்தின் லான்மடா பேட்டையில், நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்குகிறது. கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும், கயிற்று நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரர் பேப்பரை மாட்டுகிறார், மேலே இழுத்துக்கொள்கிறார்கள். சாவி அதே வழியில் கீழே இறங்குகிறது. நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நான், என்னையும் அப்படி இழுத்திருக்கலாமே என்று செல்வியிடம் சொன்னேன். அவள் சிரித்தபோது மின்சாரம் போனது. "யாடே, யாடே," என்றாள், பரவாயில்லை என்று அர்த்தம். தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டபடி தன் கதையைச் சொன்னாள். ஷ்வேப்யிதாவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் அவள் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். தைத்த சட்டையெல்லாம் அமெரிக்காவுக்குப் போகும். சில வருஷங்களுக்கு முன் அமெரிக்கா, இந்த நாட்டு ராணுவ அரசின் மேலுள்ள கோபத்தில், இங்கிருந்து சரக்கு வரக்கூடாது என்று சட்டம் போட்டது. அரசாங்கம் அப்படியேதான் இருந்தது, தொழிற்சாலைதான் மூடிப்போனது. செல்வியும் அவளோடு வேலை பார்த்த ஆறு பெண்களும் அன்றிலிருந்து அவரவர் வீட்டில் ஒற்றை மிஷினோடும் மின்வெட்டோடும் மாரடித்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்திருக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் யூனிஃபார்ம் தைத்துத் தரும் பெரிய ஆர்டர், வெள்ளைச் சட்டையும், கைலி போல இடுப்பில் சுற்றும் பச்சை லௌஞ்சியும். ஆனால் ஏழு மிஷினும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஜெனரேட்டரில் ஓட வேண்டும் என்கிறார் வியாபாரி. இடம் இருக்கிறதா என்று பொங்கலுக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும்.

"எடம் இருக்கு அண்ணி. கோயிலுக்குப் பின்னாடி பெரிய கொட்டகை. திருவிழாவுக்கு மட்டுந்தான் தொறப்பாக. நாளைக்குக் கமிட்டியில கேக்கப்போறேன். நீங்களும் கண்மலர் சாத்திட்டு வந்து என் பக்கத்துல ஒக்காருங்க. அமெரிக்காவுலேருந்து ஆள் வந்திருக்குன்னா ஒரு மரியாதை இருக்கும்."

மறுநாள் காலை மொஹிங்கா. மீன் ரசத்தில் சேமியாவைப் போட்டு, வாழைத்தண்டு நறுக்கி, மேலே பருப்புவடையை உடைத்துத் தூவினால் எப்படி இருக்கும்? வேண்டாம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் கரண்டியை எடுத்தேன். இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் தள்ளுவண்டியில் போடும் அத்தோவைத்தான் பர்மிய சாப்பாடு என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது ஓரம்தான் என்று இப்போது தெரிகிறது.

கோயிலில் கண்மலர் சாத்தியாயிற்று. அம்மன் முகத்தில் அந்தச் சின்ன வெள்ளி மின்னியபோது மாமியாரை நினைத்து அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கமிட்டி அறைக்குப் போனேன்.

நீள மேஜை. தலைவர் ஊ ஆறுமுகம். பெரியவர்கள் பெயருக்கு முன்னால் பர்மிய மரியாதையாக ஓர் 'ஊ' ஒட்டிக்கொள்கிறது. எல்லோருக்கும் பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் வெறும் பச்சைத் தேநீர் ஊற்றினார்கள். எனக்கும் ஊற்றினார்கள். செல்வி எழுந்து, கைகட்டி, தன் கோரிக்கையைத் தெளிவாகச் சொன்னாள். மேஜையைச் சுற்றி தலைகள் ஆடின. நல்ல காரியம், நம்ம பெண்கள், ஆகட்டும் என்றார்கள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

அப்போது மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்த பருத்த மனிதர் ஒருவர் தன் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ஆடிய தலைகள் நின்றன.

"ஊ முத்தையா கவுத்துட்டாரு," என்றார் தலைவர், பெருமூச்சோடு.

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. அவள்தான் என் காதோரம் விளக்கினாள். இந்தக் கமிட்டியில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு தீர்மானம் பிடிக்காதவர் கோப்பையைக் கவிழ்க்கலாம். ஒரே ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தாலும் தீர்மானம் நிற்கும். அது நிமிரும் வரைக்கும் கூட்டம் தினமும் கூடும்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. உலகத்தின் மறுகோடிக்கு வந்தும் இதே கூத்தா! அங்கே நூறு பேரில் நாற்பத்தொருவர் சேர்ந்தால் ஒரு மசோதாவை முடக்கலாம். இங்கே ஒருவரே போதும் என்றால் இது செனட்டையும் தூக்கிச் சாப்பிடுகிறதே! மனதுக்குள் திட்டிக்கொண்டே மிச்சத் தேநீரைக் குடித்தேன். தேநீர்க்காரர் மறுபடி கெட்டிலோடு வந்தார். கோபத்தில் கவனமில்லாமல், போதும் என்பதற்கு, எங்கள் வீட்டுப் பழக்கப்படி, கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன்.

"அய்யோ, அண்ணி!" என்றாள் செல்வி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊ முத்தையாவும் பார்த்தார். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு சிரிப்பு.

"அறியாமப் பண்ணிட்டேன்," என்று கோப்பையை நிமிர்த்தப் போனேன். தலைவர் கையை உயர்த்தித் தடுத்தார். "இல்லம்மா. கவுத்தவுக காரணம் சொல்லாம நிமித்தக் கூடாது. அது வழக்கம்."

"நான் உங்க கமிட்டியிலேயே இல்லையே!"

"டீ ஊத்துனோம்ல? ஊத்துன எல்லாருக்கும் உரிமை உண்டு. நாளைக்கு வாங்க. காரணத்தோட வாங்க."

அதோடு விட்டார்களா? கவிழ்த்தவருக்கு இன்னொரு விதி இருக்கிறது. கோப்பை நிமிரும் வரைக்கும் அவர் எங்கேயும் டீ குடிக்கக் கூடாது. லான்மடாவில் வாழ்கிற மனிதனுக்கு இது சாதாரணத் தண்டனை இல்லை. தெருவுக்கு நாலு டீக்கடை, ஒருவருக்கு நாளைக்கு ஐந்தாறு டீ. வியாபாரம், கல்யாணம், வம்பு எல்லாம் அந்தக் குட்டை முக்காலிகளில்தான் நடக்கின்றன. விதியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நேராகக் கோயிலுக்கு எதிர்ச்சாரியில் இருந்த காதர் பாய் கடைக்குப் போனேன். கெட்டிப்பாலும் கடுஞ்சாயமும் கலந்த யாங்கோன் டீயைப் பற்றி மாமியார் சொல்லிச் சொல்லி, வந்து இறங்கியதிலிருந்து அதற்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

காதர் பாய் வணக்கம் சொன்னார், முக்காலியைத் துடைத்துப் போட்டார், விசாரித்தார். டீ மட்டும் வரவில்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா. கோப்பை கவுந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். பால் வேணும்னா தாரேன்."

"நீங்க அந்தக் கோயில் ஆளே இல்லையே பாய்?"

"அதனால என்ன? எங்க ஜமாத்துலயும் இதே வழக்கந்தான். யாரைப் பாத்து யாரு ஆரம்பிச்சாகன்னு தெரியாது. எங்க ஆளு கவுத்தா அவுக யாரும் டீ தர மாட்டாக. அவுக ஆளு கவுத்தா நாங்களும் தர மாட்டோம்."

பால் குடித்தேன். கவிழ்த்து ஒரு மணி நேரத்துக்குள் செய்தி தெரு முழுக்கப் பரவியிருந்தது. வாஷிங்டனில் யார் எதை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று எங்களுக்கு மாதக்கணக்கில் தெரிவதில்லை.

அன்று இரவு செல்வி என்னிடம் சரியாகப் பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், விசிறியை எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் அடக்க முடியாமல், "நீங்களுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பக்கம் உட்கார வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்தது.

காரணம் வேண்டுமே. விடிந்ததும் ஊ முத்தையாவின் கடைக்குப் போனேன். இந்த ஊரில் மின்சாரத்தை நம்பாதவர்கள் எல்லோரும் நம்புகிற பேட்டரிக் கடை அது. அவர் டீ இல்லாத தலைவலியோடு வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க எதுக்குக் கவுத்தீங்கன்னு சொன்னா, நானும் அதையே சொல்லி நிமித்திடுவேன்."

"சொல்லுக்குச் சொல்லு ஒப்பிக்கவா? வேணாம். வாங்க, டாலாவுக்குப் போவோம். பாத்துட்டு, ஒங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க."

டாலா ஆற்றின் அக்கரை. படகில் வாடகைக்குச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலி தருகிறார்கள். தர்பூசணி, காடை முட்டை, சுருட்டு, எல்லாம் தலைச்சுமையாக நடமாடுகின்றன. குளிர்காலத்துக்கு வந்த கடல்காக்கைகள் கூடவே பறந்து வருகின்றன. ஒருவர் தூக்கிப்போட்ட பொரியை என் மூக்குக்கு முன்னால் ஒரு பறவை பிடித்துக்கொண்டு போனது.

"அங்க ஒங்க ஊரு பார்லிமெண்ட்ல எப்படி?" என்று கேட்டார் முத்தையா, குரலைத் தணித்துக்கொண்டு. இங்கே அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். இந்த வருஷம் தங்களுக்கும் தேர்தல் வரப்போவதாகச் சொல்கிறார்கள் என்றார். சொல்லும்போது நம்பிக்கையும் இல்லை, கிண்டலும் இல்லை.

நூலக வகுப்பை அப்படியே படகில் நடத்தினேன். அங்கே இரண்டு சபை. ஒன்றில் ஜனத்தொகைக்கு ஏற்ப உறுப்பினர்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். பாதி நாள் அடுத்த தேர்தலுக்கு வசூல் பண்ணுவதிலேயே போகும். இன்னொன்று செனட், சின்ன மாநிலமோ பெரிய மாநிலமோ ஆளுக்கு இரண்டு பேர், ஆறு வருஷம். பெரிய மாநிலங்கள் சின்ன மாநிலங்களை விழுங்கிவிடக் கூடாதென்று அன்றைக்கே செய்த ஏற்பாடு. ஒரு மசோதா கமிட்டிக்குப் போகும். பெரும்பாலானவை அங்கேயே படுத்துக்கொள்ளும். எழுந்து வந்தால் இரண்டு சபையும் ஒரே வாசகத்தில் நிறைவேற்ற வேண்டும், பிறகு ஜனாதிபதி கையெழுத்து.

"நல்லாத்தானே யோசிச்சிருக்காங்க," என்றார்.

"யோசிச்சாங்க. ஆனா செனட்ல யாராவது பேச்சை முடிக்க மாட்டேன்னு நின்னா, அதை முடிக்கவைக்க அறுபது பேர் வேணும். நாப்பத்தொரு பேர் ஒத்துக்கலேன்னா மசோதா நிக்கும்."

"நிறுத்துனவுக டீ குடிக்கலாமா?"

"தாராளமா."

"சாப்பாடு?"

"விருந்தே சாப்பிடலாம்."

"பேசிக்கிட்டே இருக்கணுமோ?"

"முன்னெல்லாம் அப்படித்தான். கால் கடுக்க நின்னு விடிய விடியப் பேசணும். இப்ப வேண்டாம். பேசப்போறேன்னு சொல்லி அனுப்பினாலே போதும், மசோதா அப்படியே நின்னுடும். அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்."

முத்தையா வெற்றிலையை ஆற்றில் துப்பிவிட்டு என் பக்கம் முழுதாகத் திரும்பினார். "கவுத்துட்டு வீட்டுக்குப் போறதா? அப்படின்னா யாருதான் கவுக்க மாட்டாங்க? நான் கவுத்தா செல்வி மொகத்தப் பாத்துக்கிட்டே தெனமும் ஒக்காரணும். அது லேசா இருக்குன்னு நெனைக்கிறீங்களா?"

இத்தனை வருஷம் வகுப்பெடுத்தும் இப்படிச் சொல்ல எனக்குத் தெரிந்ததில்லை. எங்களுக்கு எரிச்சல், ஒருவர் தடுக்கிறார் என்பதற்காக மட்டும் இல்லை. தடுப்பதற்கு அவருக்கு ஒரு கோப்பை டீகூடச் செலவாவதில்லை. கோபத்தைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றால் எதிரே முகமும் இல்லை.

டாலாவில் ஸைக்கா ஏறினோம். சைக்கிளுக்குப் பக்கவாட்டில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு இருக்கை. முன்பக்கம் பார்த்து முத்தையா, பின்பக்கம் பார்த்து நான். அவருடைய கனத்துக்குச் சங்கிலி கழன்றுகொண்டே இருந்தது. ஒரு மேட்டில் அது கழன்றபோது வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. போகிற திசையை முதலில் பார்த்தவள் நான்தான், ஒரு எருமை மாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எருமை நிதானமாக விலகிக் கொடுத்தது. மீதி வழியை நடந்தோம்.

போன இடம் ஒரு தென்னங்கீற்று வீடு. வெள்ளையம்மா என்ற பெண் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். கன்னத்தில் சந்தனம் போல அரைத்துப் பூசிய தனாக்கா, இடுப்பில் லௌஞ்சி, பேச்சில் பாதி தமிழ் பாதி பர்மியம். அவள் புருஷன் தொடை எலும்பு முறிந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். காலையில் படகேறி வந்து மாட்டைப் பார்த்துவிட்டு, மத்தியானம் சோறு கட்டிக்கொண்டு திரும்பப் போகிறாள். ராத்திரி படகு இல்லை.

"ராத்திரி எங்கம்மா படுப்பே?" என்றேன்.

"கோயிலு கொட்டகையில. என்னாட்டம் அஞ்சாறு பொம்பளைங்க இருக்காங்க. அது இல்லேன்னா ஆஸ்பத்திரி வாசல்லதான்."

திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் கொட்டகை என்று செல்வி நம்பிக்கொண்டிருந்தது இதைத்தான். பின்வாசல் சாவி முத்தையாவிடம் இருந்தது. டாலாவில் பிறந்த அவர், மனைவி அதே ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கிடந்தபோது அந்தத் தரையில்தான் படுத்திருந்தாராம். பிறகு லான்மடாவில் கடை போட்டார், கமிட்டிக்கு வந்தார், கொட்டகையின் பின்கதவைத் திறந்துவிட ஆரம்பித்தார்.

"இதை ஏன் கூட்டத்துல சொல்லலை அண்ணே?"

"செல்வி கேக்கப்போறது தெரிஞ்சு போன வாரமே தலைவர்கிட்டச் சொன்னேன். அஞ்சாறு பேருக்காவா ஏழு குடும்பத்துப் பொழப்பக் கெடுக்குறதுன்னாரு. அது நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியலை. பதில் தெரியாதவன் வேற என்ன செய்வான்? கவுத்தேன்."

அன்று மாலைக் கூட்டத்தில் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். டாலாவில் பார்த்ததைச் சொன்னேன். வெள்ளையம்மாவின் பெயரைச் சொன்னேன், தவிடு கலந்த கையைச் சொன்னேன். செல்வியைப் பார்க்காமலே சொல்லி முடித்தேன். தலைவர் தலையாட்ட, என் கோப்பையை நிமிர்த்தினேன். ஆனால் முத்தையாவின் கோப்பை கவிழ்ந்தே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கமிட்டியின் மேல் எனக்கு மரியாதை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர், பெண்களை மண்டபத்தில் படுக்கவைக்கலாம் என்றார். அங்கே சுவாமி புறப்பாடு என்றார் இன்னொருவர். மாலையில் மிஷினை நகர்த்தலாம் என்றார்கள். தினமும் ஏழு இரும்பு மிஷினை யார் தூக்குவது? சாயங்காலம் ஐந்து மணிக்கே வேலையை நிறுத்தினால் ஆர்டர் முடியாது. சத்தம் போட்டார்கள், ஒருவர் மேஜையைத் தட்டினார். முத்தையா செல்வியின் எதிரிலேயே உட்கார்ந்து, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஒரு தடவை, "ஒன் வயித்துல அடிக்கணும்னு எனக்கு என்ன ஆசையா தாயீ?" என்றபோது அவர் குரல் உடைந்தது. செல்வி அழுதாள். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

திடீரென்று செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கழுத்தில் மாலையாகத் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். மொத்தக் கமிட்டியும் பின்னால் போனது. கொட்டகையின் ஒரு கோடியில் திருவிழாவுக்கு நாடகம் போடும் மேடை, இடுப்புயரம், பழைய திரைச்சீலைகள் குவிந்து கிடந்தன. செல்வி மேலே ஏறிக் குறுக்கும் நெடுக்கும் அளந்தாள்.

"மிஷினு இங்க மேல இருக்கட்டும். அவுக கீழ படுக்கட்டும். நாங்க ஏழு மணிக்கு நிறுத்திக்கிறோம். திருவிழாவுக்கு நாங்களே எறக்கிக் குடுத்துருவோம்." மறுபடி அளந்தாள். "ஆனா ஆறுதான் நிக்கும். ஏழாவது நிக்காது."

"ஏழாவதை என் கடையில போடு, வியாபாரிகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார் முத்தையா. "ராத்திரி அவுகளுக்கு ஒரு பல்பு எரியட்டும். பேட்டரி நான் தாரேன்."

எல்லோரும் கமிட்டி அறைக்குத் திரும்பினோம். அவர் கோப்பையை நிமிர்த்தினார். யார் சொல்லி அனுப்பினார்களோ, காதர் பாய் பெரிய கெட்டிலோடு தானே வந்து நின்றார். கெட்டிப்பால், கடுஞ்சாயம், மேலே லேசான நுரை. மாமியார் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. முத்தையா கண்ணை மூடிக்கொண்டு மூன்று கோப்பை குடித்தார். நானும் மூன்று. இதைப் போல ஒரு சபையை நான் என் நாட்டில் பார்த்ததில்லை என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அடுத்ததாக எண்ணெய் விளக்கை மாற்றும் விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் உடனே கவிழ்த்தார்.

பொங்கலன்று காலை என் விமானம். பெட்டியோடு கொட்டகைக்குப் போனேன். ஆறு மிஷின்கள் மேடைமேல் இரண்டு வரிசையாக நின்றன. கீழே சுருட்டி வைத்த பாய்கள். செல்வி வெள்ளைத்துணியில் முதல் சட்டையின் காலரைப் பொருத்திக்கொண்டிருந்தாள். என்மேல் இருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது. ஒரு சர்க்கரைப் பொங்கல் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைப் போலக் கேட்டாள்.

"அண்ணி, எங்க சரக்கு வரக்கூடாதுன்னு ஒங்க ஊருல சட்டம் போட்டாகல்ல, அன்னைக்கு அங்க எத்தனை நாளு சண்டை நடந்துச்சு?"

அந்தச் சட்டம் எனக்குத் தெரியும். இங்குள்ள மக்களுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் போட்டார்கள். அந்த இரண்டு சபைகளும் இழுத்தடிக்காமல், முரண்டு பிடிக்காமல், பொறுப்பாகச் செய்து முடித்த காரியங்களில் அதுவும் ஒன்று.

"சண்டையே நடக்கலை, செல்வி. சீக்கிரமே முடிஞ்சுது. ரெண்டு சபையிலயும் கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

செல்வி மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"எல்லாருமேவா? எங்க கமிட்டியில ஒரு வெளக்கு மாத்துறதுக்குக்கூட எல்லாரும் ஒத்துக்கிட்டதில்லையே அண்ணி!"